கார்ட்டூன் படத்தில் விவிலியம் தேடுவது எப்படி?

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிற்றாலயத்தில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். வகுப்பில் படம் போட நினைப்பவர்களுக்கு இது. நான் எடுத்தது ‘ஃபைண்டிங் நீமோ’ (2003): மனிதர் பிடித்துப்போன மகன் நீமோவைத் தேடி, அப்பா மீன் மார்லின் மறதிக்கார டோரி மீனோடு சிட்னிவரை போகும் கதை.

படி 1: முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவைதான் சீ.ஆர். கொப்பியில் (தடித்த மட்டைக் கொப்பி) குறிப்பு. போனில் குறிப்பெடுக்காதீர்கள், வட்ஸ்அப் வந்தால் கதை முடிந்தது.

படி 2: பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வினைச்சொற்கள் மட்டும்: இழந்தார், பயந்தார், தேடினார், விழுங்கப்பட்டார். “இவர்தான் இயேசு, அவர்தான் பேதுரு” என்று ஆளுக்கு ஆள் ஒட்டப் போனால் டோரியில் முட்டிக்கொள்வீர்கள்.

படி 3: வலப்பக்கம் விவிலியப் பகுதி. நான் விழுந்தது இங்கேதான். அப்பா மார்லினின் சொல் கேளாமல் நீமோ தூரப் போகிறான். உடனே ‘ஊதாரி மகன்’ (வீட்டை விட்டுப் போய்ச் சொத்தை அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வரும் மகனின் உவமை) என்று எழுதிவிட்டேன். பின் வாங்கிலிருந்த பெடியன் கேட்டான்: “சேர், அந்த அப்பா வீட்டில தானே நிண்டவர்? இவர் தேடிப் போறாரே?”

அந்த உவமை வரும் லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பார்த்தேன். காணாமல்போன ஆடு, காசு, மகன் என்று மூன்று உவமைகள். முதல் இரண்டிலும் தேடுகிறார்கள். மூன்றாவதில் தந்தை தூரத்தில் மகனைக் கண்டபிறகுதான் ஓடுகிறார். அப்படியானால் மார்லின் மேய்ப்பனுக்குத்தான் கிட்ட. ஆனால் மேய்ப்பனுக்கு 99 ஆடு மிச்சம், மார்லினுக்கு இருந்ததே ஒரு பிள்ளை. இந்தப் பொருந்தாத இடங்களை மறைக்காதீர்கள். வகுப்பு வாய் திறப்பது அங்கேதான்.

படி 4: படத்தில் மார்லினைத் திமிங்கிலம் விழுங்கும். திமிங்கிலம் என்றால் மீன் வயிற்றில் கிடந்த இறைவாக்கினர் யோனா, லேசு. ஆனால் யோனா நூலில் இருப்பது ‘பெரிய மீன்’. திமிங்கிலம் மீனா என்று கடற்கரைப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், சரி, வரட்டும். யோனா, கடவுள் போகச் சொன்ன நினிவே நகருக்குப் போக மறுத்து ஓடினவர். மார்லினோ சிட்னிக்குப் போகத் துடிக்கிறவர். திமிங்கிலத்தின் நாக்கில் தொங்கும் மார்லின் பிடியை விடுவதற்குச் சற்று முன் படத்தை நிறுத்தி, “நீங்கள் என்றால் விடுவீர்களா?” என்று கேளுங்கள். விளக்கம் பிறகு.

பிற்சேர்க்கை: கிளிநொச்சியிலிருந்து ஒரு டீச்சர் பின்னூட்டம் போட்டிருந்தார். படத்தின் தொடக்கத்தில் சீலா மீன் வந்து நீமோவின் தாய் இல்லாமல் போகும் காட்சியில் ஒரு பிள்ளை எழும்பி வெளியே போய்விட்டதாம். நான் முதலே யோசித்திருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் 2017இலிருந்து வீதியோரம் போராடும் ஊர்களில் அல்லவா இதைப் போடுகிறோம். இப்போது அந்தக் காட்சியை வாயால் சொல்லிவிட்டு, நீமோ பள்ளிக்கூடம் போகும் இடத்திலிருந்து ஓட்டுகிறேன். கடைசியில் “தேடினால் கட்டாயம் கிடைக்கும்” என்று சொல்வதையும் விட்டுவிட்டேன்.