‘பாஸ், பெயில் கிடையாது’ என்று நம்பிப் போய் உட்காராதீர்கள்: அமெரிக்கக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் தேர்வு

பிளேஸ்மென்ட் என்றதும் நம் காதில் கேம்பஸ் இன்டர்வியூதான் ஒலிக்கும். இது அதுவல்ல. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களிலும் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) பல பல்கலைக்கழகங்களிலும், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் உங்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் தேர்வு. பெரும்பாலும் எஸ்ஏடி நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் அக்யூப்ளேசர் என்ற கணினித் தேர்வு இருக்கும். கணக்குக்கு மட்டும் அலெக்ஸ் என்ற ஆன்லைன் தேர்வு வைக்கும் இடங்களும் உண்டு. டெக்சஸில் அந்த மாநிலத்தின் தகுதித் தேர்வான டிஎஸ்ஐஏ2. புதிதாக வரும் பிள்ளைகள் ஒவ்வொரு பருவத்திலும் அதே குழியில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்; கீழே ஒவ்வொரு தலைப்பும் அப்படி ஒரு தவறு. நேரத்துக்குப் போவது, அடையாள அட்டை எடுத்துப் போவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

தயாரிக்காமல் போய் எழுதுவது

‘இதில் தேர்ச்சி, தோல்வி கிடையாது, சும்மா எழுதிவிட்டு வா’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. தோல்வி கிடையாதுதான், ஆனால் மதிப்பெண் குறைந்தால் டெவலப்மென்டல் வகுப்பில், அதாவது பள்ளி அடிப்படையையே மறுபடி நடத்தும் வகுப்பில், போடுவார்கள். அதற்கும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பொதுவாக அந்த கிரெடிட் (பாட அலகு) பட்டத்தில் சேராது. அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு அடி இன்னும் பலம். பெல் கிராண்ட் என்ற அந்த உதவித்தொகை வாழ்நாளில் மொத்தமே 12 முழு செமஸ்டர்களுக்குத்தான். அதில் சில, பட்டத்தில் சேராத பாடத்துக்கே கரைந்துவிடும்.

கணக்கில் இது சங்கிலி போல இழுக்கும். இன்ஜினியரிங் படிக்க வந்த பையனை எலிமென்டரி அல்ஜீப்ராவில் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். அடுத்து இன்டர்மீடியட் அல்ஜீப்ரா, அதன் பிறகு பிரீகால்குலஸ், அப்புறம்தான் கால்குலஸ். அதாவது மூன்று செமஸ்டர் தள்ளிப்போகிறது. கால்குலஸ் இல்லாமல் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் எடுக்க முடியாது. அது இல்லாமல் ஸ்டாட்டிக்ஸ் (நிலையியல்) இல்லை. அரை நாள் தேர்வு ஒன்றரை வருடத்தை விழுங்கிவிடுகிறது.

பிளஸ் டூவில் தொகை நுண்கணிதம் வரை போட்ட பிள்ளைகளுக்கே இப்படி நடப்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் தடுக்கி விழுவது பெரிய கணக்கில் இல்லை. −3² என்றால் −9; அவசரத்தில் 9 என்று போடுகிறார்கள். 2⁻³ என்றால் 1/8. −8 என்று தட்டுகிறார்கள். 3/4 − 2/3 = 1/12 என்பதற்குக் கை கால்குலேட்டரைத் தேடுகிறது. அக்யூப்ளேசரில் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே ஒன்று தோன்றும். மற்றதெல்லாம் தாளும் பென்சிலும்தான்.

அக்யூப்ளேசரின் அமைப்பும் மன்னிக்காது. வாசிப்பிலும் கணக்கின் ஒவ்வொரு பகுதியிலும் 20 கேள்விகள், எழுத்தில் 25; மதிப்பெண் 200 முதல் 300 வரை. நீங்கள் சொல்லும் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும்: சரியென்றால் கடினமானது, தவறென்றால் எளிதானது. எத்தனை சரி என்பதைவிட எவ்வளவு கடினமான கேள்விகளைச் சரியாகப் போட்டீர்கள் என்பதே மதிப்பெண்ணை ஏற்றும். திரும்பிப் போய்த் திருத்த முடியாது. ஆனால் நேரக் கட்டுப்பாடு கிடையாது. அப்படியிருந்தும் மணி அடிக்கப் போவது போல ஓட்டமாக முடிக்கிறார்கள். ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் ஆனால் ஆகட்டும்.

பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். முதல் நாள் காலேஜ் போர்டின் இலவசப் பயிற்சித் தேர்வை எழுதி, தப்பானவற்றை வகை பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நாள் பின்னம், சதவீதம், விகிதம், குறி மாற்றம். பிறகு மூன்று நாள் நேரியல் சமன்பாடு, அடுக்குகள், வரைபடத்தில் சாய்வு. மீதி நாட்களில் காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு, சார்புகள். எல்லாம் கால்குலேட்டர் தொடாமல்.

மறுதேர்வு உண்டா, எத்தனை முறை, எத்தனை நாள் கழித்து, கட்டணம் எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முதல் முறை எழுதுவதற்கு முன்பே தேர்வு மையத்தில் கேட்டு வையுங்கள். மதிப்பெண் வந்த பிறகு கேட்டால், அந்த செமஸ்டருக்கான பதிவு முடிந்திருக்கலாம்.

அலெக்ஸில் வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்வது

அண்ணன் சொல்லிக் கொடுத்து நூற்றுக்கு 80 வந்தால் பல கல்லூரிகளில் கால்குலஸில் போடுவார்கள். அங்கே அண்ணன் வரமாட்டான். அலெக்ஸில் அதிகபட்சம் 30 கேள்விகள். பெரும்பாலும் விடையை நாமே எழுத வேண்டும், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதல்ல. தெரியாததைத் தெரியாது என்று குறிக்க அங்கே வழி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். முதல் முயற்சிக்குப் பிறகு திறக்கும் பயிற்சிப் பகுதி உங்கள் ஓட்டைகளை வைத்தே பாடம் அமைக்கும். பொய் விடை கொடுத்தால் அதுவும் பொய்யாகிவிடும்.

அக்யூப்ளேசரில் இதற்கு நேர்மாறு. தாண்டிப் போக முடியாது, தப்புக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. தெரியாவிட்டால் இரண்டு விடைகளை நீக்கிவிட்டு ஊகியுங்கள்.

கட்டுரையில் இரண்டு பக்கமும் பேசுவது

அக்யூப்ளேசரின் கட்டுரைத் தேர்வான ரைட்பிளேசரில் 300 முதல் 600 சொற்கள், மதிப்பெண் 1 முதல் 8. திருத்துவது கணினி. நம் பள்ளிக் கட்டுரைப் பழக்கத்தில் பொன்மொழியோடு முன்னுரை, பிறகு நன்மைகள், தீமைகள், கடைசியில் ‘இரண்டும் தேவை’ என்று முடிக்கிறார்கள். அவர்கள் தேடுவது ஒரே நிலைப்பாடு, அதற்கான காரணம், காரணத்துக்கு ஒரு விரிவான உதாரணம். முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். இரண்டு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் 120 முதல் 150 சொற்கள். எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி பதில் எழுதினால் சிந்தனைத் திறனுக்கான மதிப்பு கூடும். மனப்பாடம் செய்த கட்டுரையைத் திணித்தால் தலைப்பை விட்டு விலகி 0 கூட வரலாம்.

டெக்சஸில் கட்டுரையை அலட்சியம் செய்யவே கூடாது. டிஎஸ்ஐஏ2 ஆங்கிலத்தில் 945 எடுத்தாலும் கட்டுரையில் 5 இல்லையென்றால் தகுதி கிடைக்காது. கணக்குக்கு 950.

வாசிப்பில் நமக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்வது

பத்தியில் இல்லாதது உலகத்துக்கே உண்மையானாலும் தவறான விடை.

ஆங்கிலத்தில் தயக்கம் என்று இஎஸ்எல் தேர்வைக் கேட்டு வாங்குவது

அது ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கான தனித் தேர்வு, வேறு பாடவரிசையில் கொண்டுபோய் விடும். ஆங்கில வழியில் படித்தவர்கள் பேச்சுக் கூச்சத்துக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எழுதத் தேவையில்லாத தேர்வை எழுதுவது

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில், 2017இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களை வைத்தே ஆங்கிலத்திலும் கணக்கிலும் இடம் தருகிறார்கள். மற்ற மாநிலங்களிலும் பல கல்லூரிகள் எஸ்ஏடி மதிப்பெண்ணையோ பள்ளி ஜிபிஏவையோ (மதிப்பெண் சராசரி) ஏற்கின்றன. தேர்வுக்கு நாள் குறிக்கும் முன் பள்ளிச் சான்றுகளை ஆலோசகரிடம் கொடுத்து, ‘இதை வைத்து விலக்கு கிடைக்குமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலைத் தானாக எடுத்துப் பார்க்க மாட்டார்கள். மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அனுப்பச் சொல்லலாம். அதற்குச் சில வாரம் பிடிக்கும் என்பதால் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.