போர்ட்ஃபோலியோவை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), பி.எஃப்.ஏ. (நுண்கலை) கடைசி வருஷ மாணவர்கள், தங்கள் டிசைன் வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவின் லிங்க் அனுப்பும்போது கூடவே வருகிற மெசேஜ் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எப்படி இருக்குன்னு பாத்து சொல்லுங்க." அதற்குப் போகிற பதிலும் ஒன்றுதான்: "சூப்பர் தம்பி, நல்லா பண்ணிருக்க, கலர் மட்டும் கொஞ்சம் பாரு." இரண்டு பேருக்கும் திருப்தி, வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பார்த்தவர் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் கல்யாண வீட்டுக்காரர் வந்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் யார்தான் சாம்பாரில் உப்பு இல்லை என்பார்கள்?

உருப்படியான கருத்து வேண்டுமென்றால் பார்ப்பவருக்கு ஒரு குறிப்பிட்ட வேலை கொடுக்க வேண்டும். என்ன தேடுவது, எதை விட்டுவிடலாம், எவ்வளவு நேரம் என்று நீங்கள் சொல்லிவிட்டால், வாய் திறக்கவே யோசிக்கிற ஆள்கூட நாலு நல்ல விஷயம் சொல்வார்.

முதலில் நீங்களே துடைத்து வையுங்கள்

வேலையில் இருக்கும் ஒரு டிசைனர் உங்களுக்கு ஒதுக்கப்போவது பத்துப் பதினைந்து நிமிஷம். அதில் பாதியை எழுத்துப்பிழைக்குக் கொடுத்துவிட்டால் மீதியில் என்ன கிடைக்கும்? அதனால் அனுப்புவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். டிரைவ் லிங்கை உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து, இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கிற லிங்க்தான் அதிகம் பேர் பார்க்காமலே விடுகிற லிங்க். பிடிஎஃப்பை மெயிலில் இணைப்பதானால் ஜிமெயிலில் 25 எம்பி வரைக்கும்தான் போகும், அதற்கும் கீழே சுருக்குங்கள். அப்புறம், அதைப் போனில் திறந்து பாருங்கள். முதல் பார்வை பஸ்ஸிலோ டீக்கடையிலோ போனில்தான் நடக்கும், ஏ3 அகலத்துக்குப் போட்ட பக்கத்தில் 9 பாயிண்ட்டில் இருக்கும் விளக்கம் அங்கே எறும்பு வரிசையாகத்தான் தெரியும்.

வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து ஸ்டைலாக இருக்கிறது என்று நினைக்காத மாணவரே கிடையாது. இணையத்தில் படிக்கும் எழுத்துக்கான அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) கேட்கின்றன, பெரிய எழுத்துக்கு 3:1. எல்லோரும் போடுகிற அந்த 999999 என்ற கலர் எண்ணுள்ள சாம்பல், வெள்ளையின் மேல் 3:1-ஐக்கூடத் தொடாது. இதை இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியதே இல்லை, இலவசமாகச் சரிபார்க்கும் தளங்கள் இருக்கின்றன.

தமிழில் ஏதாவது செய்திருந்தால் இன்னும் ஒரு வேலை உண்டு. பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில், பாராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரை (தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியாகக் கோர்க்கிற வசதி) தேர்ந்தெடுக்காமல் விட்டால், 'கொ' எழுதினால் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். நிஜப் பொருள் மாதிரியே காட்டுகிற அழகான மாக்கப் படம், அருமையான வெளிச்சம், நடுவில் உடைந்துபோன 'கோவில்'. தமிழ் தெரிந்த ஆர்ட் டைரக்டர் அதற்கு மேல் ஒரு பக்கம் புரட்ட மாட்டார். தமிழ் தெரியாதவர் கவனிக்க மாட்டார், அது இன்னும் மோசம்.

யாரிடம் எதைக் கேட்பது

எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்பதுதான் குழப்பத்துக்கு ஆரம்பம். உங்கள் ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் உங்களை முதல் வருஷத்திலிருந்து பார்க்கிறார். அன்று நீங்கள் போட்ட போஸ்டர் அவர் மனசில் இருக்கும், இன்றைய வேலையை அதோடு ஒப்பிட்டுத்தான் சந்தோஷப்படுவார். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பழைய போஸ்டர் தெரியாது, உங்கள் வளர்ச்சியும் தெரியாது, திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஆகவே ஆசிரியரிடம் "நான் எதில் பலமானவன், எந்த மாதிரி ஸ்டூடியோவுக்குப் போகலாம்?" என்று கேளுங்கள், அதற்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை. முதல் பார்வையில் என்ன தெரிகிறது என்பதை அவரிடம் கேட்காதீர்கள். கூடப் படிப்பவர்களும் அப்படித்தான், யாருக்காக, எதற்காகச் செய்கிறீர்கள் என்று சொல்கிற உங்கள் பிரீஃப் அவர்களுக்கு மனப்பாடம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆன சீனியர்கள்தான் என்னைக் கேட்டால் தங்கம். இன்டர்வியூவில் தங்களிடம் என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை, உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லக் கூச்சமும் இல்லை. பெரிய ஆர்ட் டைரக்டர் யாராவது தெரிந்தவராக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மாணவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கடை, இன்னொன்று அச்சகம். கருப்பட்டிக்கு ஒரு பெட்டி டிசைன் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழுப்பு அட்டை, பனை ஓலைப் பின்னல் கோடுகள், மூலையில் சின்னதாகப் பெயர். கல்லூரியில் எல்லோரும் கைதட்டியாகிவிட்டது. அதை ஒரு பிரிண்ட் எடுத்து, மடித்து ஒட்டி, மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் கொடுங்கள். கையில் வாங்கியதும் திருப்பிப் பார்ப்பார். "எடை எங்க தம்பி? எம்ஆர்பி எங்க அடிப்பீங்க? பச்சைப் புள்ளி இல்லையே?" சைவ உணவுக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், நிகர எடை, தயாரித்த தேதி, எல்லாம் இந்தியாவில் விற்கிற உணவுப் பெட்டியில் இருந்தே ஆக வேண்டியவை. அவற்றுக்கு உங்கள் அழகான லேஅவுட்டில் இடமே இல்லை. அடுத்து அவர் அலமாரியில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைப்பார், அங்கே உங்கள் பழுப்புப் பெட்டி பக்கத்தில் இருக்கும் அட்டைப்பெட்டியோடு கலந்து காணாமலே போகும். இந்த அஞ்சு நிமிஷத்தில் கிடைத்தது ஒரு செமஸ்டர் முழுக்கக் கிடைக்காத கருத்து, அதுவும் டிசைன் என்ற வார்த்தையே வராமல். அந்தக் குறிகளுக்கெல்லாம் இடம் கொடுத்து, மறுபடி செய்து, பழைய பெட்டி, மாற்றிய பெட்டி இரண்டையும் போர்ட்ஃபோலியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள் என்றால் வகுப்பில் வேறு யாரிடமும் அது இருக்காது.

அச்சகத்திலும் இதே கதைதான். சென்னையில் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம் இருப்பவர்கள் அங்கே போகலாம், சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஃபைலைக் காட்டி "அண்ணே, இதை அப்படியே அடிக்கக் கொடுத்தா எங்க மாட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். சுற்றிலும் வெட்டுவதற்கான கூடுதல் ஓரம், அதாவது 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடவில்லை, சின்ன எழுத்தை நாலு கலரில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்து ரெஜிஸ்டர் ஆகாது, திரையின் ஆர்ஜிபியில் மின்னுகிற இந்தப் பச்சை அச்சு மையின் சிஎம்ஒய்கேவில் வராது என்று வரிசையாகச் சொல்வார்.

மெசேஜ் எப்படி எழுதுவது

இப்படி ஒன்று எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நான் விஸ்காம் மூன்றாம் வருஷம், உங்க காலேஜ்தான். பேக்கேஜிங் ஸ்டூடியோக்களுக்கு ஜூனியர் டிசைனர் வேலைக்கு அப்ளை பண்ணப் போறேன். மொத்தம் ஆறு ப்ராஜெக்ட், லிங்க் கீழே இருக்கு. ரெண்டு விஷயம் மட்டும் சொன்னா போதும். ஆறில் ஒன்றைத் தூக்கணும்னா எதைத் தூக்குவீங்க? கருப்பட்டி ப்ராஜெக்ட்டில் நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னு எங்க புரியாமப் போகுது? லோகோ கிளையன்ட் ஓகே பண்ணிட்டாங்க, அதை மட்டும் மாத்த முடியாது. பத்து நிமிஷம் கிடைக்கும்போது வாய்ஸ் நோட் போட்டாலும் சரி."

எந்த வேலைக்கு என்று சொல்லியாகிவிட்டது, அதனால் அவர் அந்த ஸ்டூடியோக்காரர் கண்ணால் பார்ப்பார். எதை மாற்ற முடியாது என்று சொல்லியாகிவிட்டது, அதைப் பற்றிப் பேசி நேரம் போகாது. முக்கியமானது 'எதைத் தூக்குவீங்க' என்ற கேள்வி. நம் ஊரில் முகத்துக்கு நேராக "இது நல்லா இல்லை" என்று சொல்ல முக்கால்வாசிப் பேருக்கு மனசு வராது, ஆனால் ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். மூன்று பேர் ஒரே ப்ராஜெக்ட்டைச் சொன்னால், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் சரி, எடுத்துவிடுங்கள்.

வாய்ஸ் நோட் வந்தால் கேட்டுவிட்டு அப்படியே விடாமல், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நம் ஞாபகம் பாராட்டை மட்டும்தான் பத்திரமாக வைத்திருக்கும்.

நேரில் காட்டும்போது

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். முதல் ஒரு நிமிஷம் அவர் திரையைப் பார்க்கட்டும், நீங்கள் அவரைப் பாருங்கள். எங்கே வேகமாக ஸ்க்ரோல் செய்கிறார், எங்கே திரும்ப மேலே போகிறார், எங்கே கண்ணைச் சுருக்குகிறார் என்பதெல்லாம் அவர் பிறகு சொல்லப்போவதைவிட நம்பகமானது. நடுவில் "இல்ல சார், அது ஏன் அப்படின்னா" என்று நாக்கு நுனிவரை வரும். அதைச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் சொல்லத் துடித்த அந்த வரிதான் அந்தப் பக்கத்தில் இல்லாத வரி, இன்டர்வியூவுக்கு முன் உங்கள் லிங்கைத் திறப்பவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை.

அவர் பேச ஆரம்பித்ததும் பெரும்பாலும் தீர்வைத்தான் சொல்வார். "லோகோவைப் பெரிசாக்கு" என்பார். உடனே பெரிசாக்காதீர்கள். "முதல்ல உங்க கண் எங்க போச்சு சார்?" என்று கேட்டால், "அந்த சிவப்புப் பட்டைக்கு" என்று விரலை வைத்துக் காட்டுவார். அப்படியானால் பிரச்சினை பட்டையில் இருக்கிறது, லோகோ இருந்த அளவிலேயே இருக்கட்டும், சிவப்பை அடக்கினால் போதும். "ஏதோ ஹெவியா இருக்கு" என்றாலும் இதே மாதிரி விரலால் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் ஒரு டிசைனா?" என்று எரிந்து விழுகிற ஆளும் கிடைப்பார். அவரிடம் வாதாட வேண்டாம், "முதல்ல எதை மாத்தணும் சார்?" என்று ஒரே கேள்வி. பதில் வந்தால் அது சில சமயம் எல்லோரும் சொன்னதைவிட உருப்படியாக இருக்கும். வரவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

நண்பர்கள் கூடி உட்கார்ந்து பார்க்கும்போது பத்து நிமிஷத்தில் கலாய்ப்பதில் போய் முடியும், நமக்குத் தெரிந்ததுதானே. அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய நாலு படி முறை டிசைனுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனசில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து வேலை செய்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது, "ஏன் இவ்ளோ கேவலமான ஃபாண்ட்?" செல்லாது, "ஃபாண்ட்டை எப்படித் தேர்ந்தெடுத்த?" செல்லும். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "ஃபாண்ட் பத்தி ஒண்ணு சொல்லணும், சொல்லட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்றால்தான். முதல் தடவை நாடகம் மாதிரி இருக்கும், யாராவது சிரிப்பார்கள். பரவாயில்லை, தொடருங்கள்.

டிசைனர்கள் வேலையைக் காட்டுகிற பிஹான்ஸ் தளத்தில் போட்டு வருகிற கமெண்ட்டை இதில் சேர்க்காதீர்கள். அங்கே இருக்கும் பட்டனே பாராட்டுப் பட்டன், "அமேசிங் வொர்க், என் ப்ரொஃபைலையும் பாருங்க" என்பதற்கு மேல் அரிதாகத்தான் வரும். ஏஐ சாட்பாட்டில் பக்கங்களை ஏற்றிக் கேட்பவர்களுக்கும் அதேதான் சொல்வேன்: எழுத்துப்பிழை பார்க்க உதவும், அலமாரியில் பெட்டி தெரிகிறதா என்று அண்ணாச்சிதான் சொல்ல முடியும்.

எதை எடுத்துக்கொள்வது

அன்றைக்கே ஃபைலைத் திறக்க வேண்டாம். வந்ததையெல்லாம் பக்கம் வாரியாக எழுதுங்கள், ஆள் வாரியாக வேண்டாம். ஆள் வாரியாக எழுதினால் யார் பெரியவர் என்று பார்த்து மாற்ற ஆரம்பித்துவிடுவோம். பக்கம் வாரியாக எழுதினால், நாலாம் பக்கத்தில் ஒருவர் எழுத்தைக் குறை என்கிறார், ஒருவர் படத்தை மாற்று என்கிறார், ஒருவர் அந்தப் பக்கமே வேண்டாம் என்கிறார் என்று தெரியும். மூன்று பேரும் மூன்று மாதிரி சொன்னாலும் மூவரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். அந்த இடத்தை நம்புங்கள், தீர்வை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது, அதுவும் "எனக்கு மஞ்சள் பிடிக்காது" ரகமாக இருந்தால், ஓரமாக வைக்கலாம். எழுத்துப்பிழை, உரிம எண், ப்ளீட் மாதிரி விஷயங்களை ஒருவர் சொன்னாலே போதும்.

மாற்றி முடித்ததும் உதவியவர்களுக்கு மாறிய பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், எதை மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று இரண்டு வரி போதும். நன்றிக்காக மட்டும் சொல்லவில்லை, அடுத்த தடவை அதே ஆள் இன்னும் கவனமாகப் பார்ப்பார். ஆனால் அவரிடமே மறுபடி "இப்போ எப்படித் தெரியுது?" என்று கேட்டுப் பயனில்லை, அவர் கண்ணுக்கு உங்கள் வேலை பழகிவிட்டது. அதனால் தெரிந்த எல்லோருக்கும் முதல் வாரமே லிங்க் அனுப்பித் தீர்த்துவிடாமல், ஒன்றிரண்டு பேரை இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் வரை மிச்சம் வையுங்கள். அவர்கள் பார்த்து மூடியதும், மறுநாள் போன் போட்டு, எந்த ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதலில் வைத்து, மற்றவற்றை அதற்குப் பின்னால் அடுக்கி அனுப்பலாம்.