'செவ் த ஃபேட்': எங்கே, எப்படிச் சொல்வது?

என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்களுக்கு நான் ஆசையாகச் சொல்லித்தரும் தொடர் இது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கொழுப்பை மெல்வது; பொருளோ, சாவகாசமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது.

கூட்டாளிகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள்: 'வி செவ்டு த ஃபேட் ஓவர் டீ.' நடுவில் 'த' கட்டாயம் வேண்டும், 'ஃபேட்' பன்மையாகாது. யாரோடு பேசினீர்கள் என்பதற்கு 'வித்' போதும். மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் மட்டும் வேண்டாம்.

சரி, எங்கிருந்து வந்தது? மாலுமிகள் உப்பிட்ட பன்றிக்கொழுப்பை மென்றபடி அரட்டையடித்ததால் வந்தது என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் ஆதாரம் கிடையாது. கிடைத்திருக்கும் பழைய சான்றுகளில் ஒன்று, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாழ்க்கையைப் பற்றி 1885-ல் வந்த ஒரு நூல். அதில் இது அரட்டையே அல்ல, சிப்பாய்கள் குறைசொல்லி முணுமுணுப்பது! அதனால் பழைய எழுத்தில் பார்த்தால் உடனே அரட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பின் வரிகளையும் படியுங்கள். அப்புறம், அமெரிக்கர்கள் பேச்சில் 'ஷூட் த ப்ரீஸ்' என்று வந்தால் அதுவும் இதே அரட்டைதான்.