கச்சேரிப் பதிவை வைத்து ஓப்பன் பேக் ஹெட்ஃபோனைச் சோதிப்பது எப்படி?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஓப்பன் பேக் ஹெட்ஃபோனில் டிரைவரின் (ஒலி எழுப்பும் பகுதியின்) பின்புறம் வலைத்தகடு மட்டும்தான் இருக்கும். பாட்டு வெளியே போகும், வெளியோசை உள்ளே வரும். முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறி, தம்புராவின் ரீங்காரத்தை முதலில் விழுங்கும், அடுத்து மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஓசை தரும் இடப்பக்கம்) ஒலியை. திருச்சியில் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் அரை மணி நேரம் உட்காருவது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஹெட்ஃபோனின் குணத்தை அறிய ஒரு முறை அது நின்றிருக்க வேண்டும். பிறகு வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது முறை கை தானாக ஒலியளவைக் கூட்டப் போனால், அந்த அறைக்கு இந்த வகை ஹெட்ஃபோன் பொருந்தாது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மின்விசிறியோடு போட்டி போட்டுக் கேட்பவர் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார். அதே அறையில் குழந்தை தூங்குமானால் மூடிய வகையையே வாங்குங்கள். நீங்கள் கேட்பது முழுவதும் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதும் மேலானதாகத் தோன்றும். ஃபோனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, மைக்கை இரண்டு காதுமெத்தைகளிலும் ஒரே இடத்தில் பிடித்து, ஒரே பாடலின் ஒரே பகுதியை ஓடவிட்டுச் சமப்படுத்துங்கள். துல்லியம் போதாதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட நல்லது.

எதைக் கேட்டுச் சோதிப்பது? கடைகளில் இதற்கென்று பளபளப்பான பதிவுகளைப் போட்டுக் காட்டுவார்கள். அவற்றில் எல்லா ஹெட்ஃபோனும் நன்றாகவே ஒலிக்கும். நேரில், மைக் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட வாத்தியம் எதுவோ, அதுவே உங்கள் அளவுகோல். நான் சிறு வயதில் மிருதங்கம் கற்றவன். வீட்டில் ஒரு தம்புராவும் இருக்கிறது. ஆகவே என் சோதனை இந்த இரண்டிலிருந்தும்தான் தொடங்கும்.

தம்புராவை மீட்டிவிட்டு, உடனே நல்ல பதிவு ஒன்றில் ஆலாபனை தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் இடையிலுள்ள ஜீவா நூலால் எழும் அந்த மினுமினுப்பு, பாடகர் பாடத் தொடங்கிய பிறகும் பின்னால் தொடர்ந்து கேட்கிறதா? அல்லது குரல் வந்ததும் காணாமல் போகிறதா? மறைந்தால் அந்த ஹெட்ஃபோன் நுண்ணொலிகளை விட்டுவிடுகிறது. குரலைவிட முன்னால் வந்து கொசு போல ரீங்கரித்தால் ட்ரெபிள், அதாவது உச்ச ஒலிகள், தூக்கலாக இருக்கிறது.

அடுத்தது மிருதங்கம். இங்கே அவசரப்படாதீர்கள். வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணை என்ற கருப்பு வட்டத்தால்தான் அந்தத் தோலுக்குச் சுருதி கிடைக்கிறது. சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேலோசைகள் ஒழுங்கில்லாமல் சிதறும், இதில் அவை தந்தி வாத்தியத்தைப் போல இசைவான வரிசையில் அமைகின்றன. 1920-இலேயே சி.வி. ராமன் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். ஆகவே ‘தீம்’ என்று விழும்போது ஓசை மட்டும் கேட்டால் போதாது, சுரம் கேட்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் தம்புராவோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு ஹெட்ஃபோனில் உங்களால் சொல்ல முடிந்தால், அதன் நடு ஒலிப்பகுதி நேர்மையானது.

தொப்பியில் கும்கியைத் தேடுங்கள். மணிக்கட்டின் அழுத்தத்தால் தாழ்ந்த ஒலி வளைந்து மேலேறும் அந்த நொடிதான், நான் அறிந்தவரை, பேஸுக்கு (தாழ்ந்த ஒலிகளுக்கு) மிகச் சரியான சோதனை. நல்ல ஹெட்ஃபோனில் அந்த வளைவு முழுவதும் கேட்கும். பேஸை ஊதிப் பெருக்கும் ஹெட்ஃபோனில் ‘தொம்’ என்ற இடி மட்டும் கேட்கும், வளைவு கரைந்துவிடும். ஓப்பன் பேக் வகையில் சாதாரண டைனமிக் டிரைவர்கள் மிகத் தாழ்ந்த ஒலிகளில் மெலிந்துபோவது இயல்பு. தட்டையான மெல்லிய படலம் அதிரும் பிளேனார் டிரைவர்கள் அங்கே இன்னும் கீழே இறங்கும். கச்சேரி மட்டும் கேட்பவருக்கு இந்தக் குறை பெரிதல்ல. சினிமாப் பாட்டும் மின்னணு இசையும் நிறையக் கேட்பவர் யோசிக்க வேண்டும்.

குரலில் ‘ச’, ‘ஷ’, ‘ஸ்’ வரும் இடங்களையும், வயலின் மேல்ஸ்தாயியில் நிற்கும் இடங்களையும் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிவாகத் தோன்றும் கூர்மை, ஒரு ராகம் தானம் பல்லவி முடிவதற்குள் காதைக் களைப்பாக்கிவிடும். அதனால் முழுப் பல்லவியையும் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஒலிகள் இடவலமாகப் பரவிக் கேட்கும் மேடையின் அகலத்தைப் பற்றிப் பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். பழைய கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ, இரு காதுக்கும் ஒரே ஒலி. அவற்றில் அகலம் தேடுவது வீண். ஆனால் மோனோ பதிவு வேறொன்றுக்கு உதவும். குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி அணியுங்கள். சாய்வு மறுபக்கம் போனால் குறை ஹெட்ஃபோனிலோ அதற்கு ஒலி தரும் கருவியிலோ இருக்கிறது. அதே பக்கத்தில் நின்றால் உங்கள் காதில். ஸ்டீரியோ பதிவானால் மேடையின் அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்பக்கம் அமர்வார், வலந்தலை சபையைப் பார்த்திருக்கும், வயலின் எதிர்ப்பக்கம். சபையிலிருந்து பார்த்தால் மிருதங்கம் இடது, வயலின் வலது. பதிவு இப்படியிருந்து காதில் தலைகீழாக வந்தால், கேபிளை மாற்றிச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கழற்றக்கூடிய கேபிளில் இது எளிதில் நேரும்.

ஒலி தரும் கருவியையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். 1997-இல் வந்து இன்றும் விற்பனையாகும் சென்ஹைசர் எச்டி 600-ஐ எடுத்துக்கொள்வோம். மின்தடை 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் தரும். ஃபோனையும் ஹெட்ஃபோனையும் இணைக்கும் சிறிய டாங்கிள்களில் பல ஏறத்தாழ அந்த 1 வோல்ட்டோடு நின்றுவிடுகின்றன. இன்றைய பாடல்களுக்கு அது போதும். ஒலியளவு குறைவாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்குப் போதாமல் போகலாம், அங்கேதான் ஆம்ப்ளிஃபையர் தேவைப்படும். இன்னொன்று: இதன் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருப்பதில்லை, 100 ஹெர்ட்ஸ் அருகே வெகுவாக உயரும். வெளியீட்டு மின்தடை (ஒலி தரும் கருவியின் சொந்த மின்தடை) அதிகமுள்ள வால்வு ஆம்ப்ளிஃபையரில் செருகினால் அந்தப் பகுதி மட்டும் தடிக்கும். சிலருக்கு அந்த இதம் பிடிக்கும். சோதிக்கும்போது மட்டும் வெளியீட்டு மின்தடை குறைந்த கருவியையே பயன்படுத்துங்கள்.

அணிந்து பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள். அதன் காம்பு அழுத்தும் வலி பத்தாவது நிமிடத்தில்தான் தெரியும். நம் வெயிலுக்கு வெல்வெட் மெத்தை செயற்கைத் தோலைவிட இதமானது. ஆனால் தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு அணிந்தால் எண்ணெயை அப்படியே குடித்துவிடும். எண்ணெய் வைக்கும் நாளில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வது என் வழக்கம்.

பழைய ஹெட்ஃபோன் வாங்குபவர் காதுமெத்தையை முதலில் அழுத்திப் பாருங்கள். மெத்தை அமுங்கிப் போயிருந்தால் டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், ஒலியும் மாறியிருக்கும். அந்த நிலையில் நீங்கள் கேட்பது அந்த மாடலின் உண்மையான குரல் அல்ல. புது மெத்தையின் விலையைச் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பாட்டு ஓடும்போது கேபிளை இரு முனைகளிலும் மெல்ல அசைத்து, சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்றும் பாருங்கள்.