'ஹாபென்' எப்படி 'ஹம்' ஆகிறது? ஜெர்மன் பேச்சில் கரையும் மெய்கள்

பாடப் புத்தகத்தில் 'ஹாபென் வியர்' (எங்களிடம் இருக்கிறது) என்று இருப்பது பெர்லினில் 'ஹம்வா' என்று காதில் விழும். அவசரத்தில் எழுத்தை விழுங்குகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அதற்கு ஒழுங்கான வழி உண்டு. தமிழருக்கு அது புதிதும் அல்ல.

முதலில் 'ஹாபென்' என்று மெதுவாகச் சொல்லுங்கள் (ப, 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வரும் ப). அடுத்து, கடைசி எகரத்தை விட்டுவிடுங்கள்: 'ஹாப்ன்'. ப்-க்காக மூடிய உதட்டை ன்-க்காகத் திறக்க வேண்டியிருக்கிறது அல்லவா? திறக்காதீர்கள். மூடியபடியே காற்றை மூக்கு வழியாக விடுங்கள். ன் மறைந்து ம் வரும்: 'ஹாப்ம்'. மூக்கின் மேல் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். செய்தி வாசிப்பவர்களிடமே இதைக் கேட்கலாம். மூக்குவழி இன்னும் சற்று முன்னதாகத் திறந்துகொண்டால் ப்-பும் ம் ஆகிவிடும்: 'ஹாம்', வேகத்தில் 'ஹம்'.

'மரம்' + 'கள்' 'மரங்கள்' ஆவது இதே வேலைதான். தமிழில் மெல்லினம் தனக்குப் பின்னால் வரும் வல்லினத்துக்கு இனமாகிறது. ஜெர்மனில் முன்னால் நிற்பதற்கு இனமாகிறது. அதனால் 'ஸாகென்' (சொல்ல) என்பது 'ஸாக்ங்' ஆகும் (க, 'தங்கம்' என்பதில் உள்ளது). 'ரேடென்' (பேச) வெறும் 'ரேட்ன்' ஆவதோடு சரி. ஜெர்மனில் ட்-டுக்கும் ன்-னுக்கும் நாக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தெற்கு வட்டாரங்களில் 'வியர்' (நாங்கள்) என்பதற்கு 'மிர்' என்று சொல்வதும் வினையின் கடைசி ன், அடுத்து வந்த வ்-வோடு கலந்து பிறந்ததுதான்.

அடுத்தது கடைசி ட். 'இஸ்ட்' (இருக்கிறது) 'இஸ்' ஆகும், 'உண்ட்' (மற்றும்) 'உன்' ஆகும், 'யெட்ஸ்ட்' (இப்போது) 'யெட்ஸ்' ஆகும், 'நிஹ்ட்' (இல்லை) 'நிஹ்' ஆகும். இந்த ஹ்-க்கு, ய் சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, குரல் இல்லாமல் காற்றை மட்டும் விடுங்கள். அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் ட் இன்னும் எளிதில் விழும். ஆனால் 'லிஹ்ட்' (வெளிச்சம்) என்பதில் பொதுவாக விழாது. வாய்க்கு இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் 'நிஹ்ட்' நிமிடத்துக்கு நாலு முறை அழுத்தமின்றி வரும் சொல், கேட்பவர் பாதியிலேயே ஊகித்துவிடுவார். 'லிஹ்ட்' பொருளைச் சுமக்கிற சொல்.

நம்மவர் தவறு நேர்மாறானது. ட்-டை விட மனமில்லாமல் 'இஸ்ட்டு', 'நிஹ்ட்டு' என்று உகரம் சேர்ப்போம். அசை ஒன்று கூடிவிடுகிறது. 'இஸ்ட் டு' (நீ சாப்பிடுகிறாயா) என்றுகூடக் காதில் விழலாம். அதைவிட ட்-டை விட்டுவிட்டு 'இஸ்' என்பதே மேல்.

ர் விஷயம் சுருக்கமானது: உயிருக்குப் பின் வரும் ர்-ரை உருட்டாதீர்கள், அது அகரம் போல ஆகிவிடும். 'பிட்டெ' (தயவுசெய்து), 'பிட்டர்' (கசப்பு) இரண்டுக்கும் பேச்சில் வித்தியாசம் கடைசி உயிரில்தான்: 'பிட்டெ', 'பிட்ட'.

பயிற்சிக்கு யூடியூபில் ஒரு பேட்டியை 0.75 வேகத்தில் ஓடவிட்டு, பத்து வினாடியைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், பிறகு துணைவரியோடு ஒப்பிடுங்கள். 'ஹாப்ம்', 'இஸ்' இரண்டையும் உடனே பேச்சில் கொண்டுவரலாம். 'ஹம்வா'வை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்; வேலை நேர்காணலில் வேண்டாம். எழுதும்போது மட்டும் எல்லா எழுத்தும் முழுசாக இருக்கட்டும்.