பழைய ஸ்பிளெண்டரில் கரண்ட் கோளாறு: பார்ட்ஸ் வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

1994-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், அதே வகை வயரிங் உள்ள பழைய கிக்கர் மாடல்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் மக்கர் பண்ணாது. கரண்ட் விஷயம்தான் படுத்தும். ஹாரன் கம்மும், இண்டிகேட்டர் சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும். உடனே பேட்டரி மாற்றுவார்கள், சரியாகாவிட்டால் ஆர்.ஆர். யூனிட் (சார்ஜிங் கரண்டை டி.சி.யாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), கடைசியில் முழு வயரிங் கிட். பல வண்டிகளில் குற்றவாளி ஒரு துருப்பிடித்த எர்த் போல்ட்டாகவோ (நெகட்டிவ் வயர் வண்டிச் சட்டத்தில் சேரும் இடம்), பச்சை பூத்த கப்ளராகவோ (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப்பும் போதும்.

முதலில் எது எங்கிருந்து எரிகிறது என்று தெரியட்டும்

இந்த வண்டியில் ஹெட்லைட், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து நேராக ஏ.சி. கரண்டில் எரிகிறது. ஸ்பார்க்குக்கும் மேக்னெட்டோவில் தனி காயில் உண்டு. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும்தான் பேட்டரியை நம்பியிருப்பவை. ஆகவே பேட்டரி செத்தாலும் வண்டி கிளம்பும். ஐடிலில் ஹெட்லைட் மங்குவது இயல்பு, அதற்காகப் பேட்டரியைத் திட்ட வேண்டாம்.

வயர் நிறங்கள்: பச்சை எர்த். சிவப்பு பேட்டரி பிளஸ். கறுப்பு, சாவி போட்டபின் வரும் பிளஸ். வெள்ளை சார்ஜிங், மஞ்சள் லைட்டிங். பச்சையில் மஞ்சள் கோடு பிரேக் லைட். யாராவது நடுவில் வேறு நிற வயர் ஒட்டியிருந்தால் அங்கேயே சந்தேகப்படத் தொடங்கலாம்.

பேட்டரி

வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அளக்கவும். 12.6-க்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு பிரேக் மிதித்து, ஹாரன் அடித்துக்கொண்டே பாருங்கள். 12.5 காட்டிய பேட்டரி அந்தச் சின்ன லோடுக்கே 10-க்குக் கீழே விழுந்தால் அது உள்ளே ஓய்ந்துவிட்டது. காலியாக மட்டும் இருந்தால், 2.5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.25 ஆம்பியரில் பத்து மணி நேரம் சார்ஜ் கொடுங்கள். கார் சார்ஜரில் போட்டு அவசரப்படுத்தினால் பிளேட் கெடும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

எர்த்தும் இணைப்புகளும்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பலர் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, "வயர் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் வரும். ஆனால் அந்த ஒற்றை இழை பல்பை எரிக்கத் தேவையான கரண்டைத் தாங்காது. அதனால் லோடு ஓடும்போதே வோல்ட் இழப்பை அளக்க வேண்டும்.

சாவி போட்டு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை டெயில் லாம்ப் கப்ளரின் பச்சை வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. 1 வோல்ட் காட்டினால் எர்த் பாதையில் அடைப்பு. அதே மாதிரி பேட்டரி பிளஸ்ஸுக்கும் டெயில் லாம்ப்பின் பச்சை-மஞ்சள் வயருக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட் வரை பரவாயில்லை. 2 வோல்ட் வந்தால் பேட்டரி பக்க முனையை அசைக்காமல், மற்ற முனையைப் பின்னோக்கி நகர்த்துங்கள்: பிரேக் ஸ்விட்சுக்குப் பின், அதற்கு முன், சாவி ஸ்விட்சின் கறுப்பு, அதன் சிவப்பு, ஃபியூஸின் இரு பக்கம். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு.

பெரும்பாலும் கண்ணில் படுவது: ஃபியூஸ் ஹோல்டரில் பழுப்பேறிய கிளிப், ஹெட்லைட் டூமுக்குள் உருகிய கப்ளர், பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் போல்ட். உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எல்லாவற்றையும் பற்றவைத்து ஸ்லீவ் போட்டுவிடுவது நல்லது.

சார்ஜிங்

இன்ஜினை ஓட்டி பேட்டரி முனைகளில் அளக்கவும். இதில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, ஆக்ஸிலேட்டரை பாதி அளவுக்குத் திருகினால் போதும். 13.5 முதல் 15 வரை வந்தால் சரி. 15.5-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட்டின் எர்த்தை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் யூனிட்டைக் குறை சொல்லலாம். பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவதற்கும் இதே எர்த் காரணமாகலாம்.

வோல்ட் ஏறவே இல்லையா? ஆர்.ஆர். கப்ளரைக் கழற்றி, காயில் பக்கத்து வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே ஏ.சி.யில் அளங்கள். ரேஸ் கொடுக்கக் கொடுக்க எண் ஏறினால் காயில் வேலை செய்கிறது. ஏறாவிட்டால் காயில் அல்லது அதன் வயர்.

ஸ்பார்க் வராவிட்டால்

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடலை இன்ஜினில் அழுத்திவைத்துக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வைக்கவும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக்கை எர்த் இல்லாமல் தொங்கவிட்டுக் கிக் அடித்தால், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியான சி.டி.ஐ.க்கே ஆபத்து.

ஸ்பார்க் இல்லையென்றால் காசில்லாத சோதனை ஒன்று. சாவியை அணைக்கும்போது கறுப்பு-வெள்ளை வயர் எர்த் ஆகி ஸ்பார்க்கை நிறுத்தும். சி.டி.ஐ.க்குப் போகும் அந்த ஒரு வயரை மட்டும் கழற்றி மறுபடி கிக் அடியுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சாவி ஸ்விட்சோ அதன் வயரோதான் கெட்டிருக்கிறது. அப்போதும் வராவிட்டால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, எச்.டி. வயரின் (பிளக்குக்கு ஹை டென்ஷன் கரண்ட் கொண்டுவரும் தடித்த வயர்) நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டிப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. சி.டி.ஐ.யை மீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. ஓடுகிற இன்னொரு வண்டியின் யூனிட்டை மாட்டிப் பார்ப்பதுதான் வழி, அதுவும் கடைசியில்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், சிகரெட் அட்டைக் காகிதம் சுற்றவே கூடாது; கிட் எரிந்துவிடும். ஃபியூஸ் இருக்குமிடத்தில் டெஸ்ட் லாம்ப்பை மாட்டுங்கள். எந்த ஸ்விட்சும் போடாமலே முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பி, டேங்க்குக்கு அடியிலும் பின் மட்கார்டுக்குள்ளும் வயரை அசையுங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது விளக்கு அணைகிறதோ அங்கே இன்சுலேஷன் உரிந்திருக்கும்.

இரவில் நிறுத்தினால் காலையில் பேட்டரி காலியாகிறதா? சாவி அணைத்த நிலையில் ஃபியூஸை எடுத்து, அந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளங்கள், பிறகு சிறிய ரேஞ்சுக்கு மாறுங்கள். கூடுதலாக எதுவும் மாட்டாத வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம் வரவேண்டும். கரண்ட் ஓடினால் ஆர்.ஆர். கப்ளரை உருவுங்கள். எண் உடனே பூஜ்யமானால் உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) கசிகிறது, அப்போது புது ஆர்.ஆர். வாங்கலாம்.