காவடி முடிந்தபின் வயிற்றுக்கு மூன்று நாள்

இங்கே மொரீஷியஸில் தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த வாரம் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வயிறு சரியில்லை என்பார்கள். கொடியேறிய நாளிலிருந்து கவிச்சி தொடாத விரதம். காவடியன்று வெயிலில் வெறுங்காலோடு நடை. கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு. அடுத்த இரண்டே நாளில் ஆட்டுக்கறியும் பொரித்த மீனும். எந்த வயிறு தாங்கும்?

உடனே குடலைக் கழுவ இறங்கிவிடுகிறார்கள். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் உப்பைக் கலந்து, காலையில் வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தார். மதியத்துக்குள் எட்டு முறை போய்விட்டது. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். இரண்டு டீஸ்பூன் உப்பு என்பது ஏறத்தாழ 12 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு உப்பு குடலுக்குள் போனால் உடம்பிலுள்ள தண்ணீரையும் அங்கே இழுத்து வெளியே தள்ளிவிடும். அழுக்கு போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். போனது குடித்த உப்பு நீரும் அவருடைய உடம்பு நீரும்தான்.

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தானே புதிதாக வளர்கிறது. அதை யாரும் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. கொஞ்சம் ஓய்வு, போதிய நீர், இழந்த உப்புகள், அப்புறம் நார்ச்சத்து. இவ்வளவு கொடுத்தால் போதும். இந்தக் காத்ர் போர்ன் ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் செய்துவரும் மூன்று நாள் முறையைச் சொல்கிறேன்.

விளக்கெண்ணெய் இதில் இல்லை. சித்த வைத்தியத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கும் வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே வைத்தியர் ஆளைப் பார்த்து அளவு சொல்வார், அன்று என்ன சாப்பிடலாம் என்றும் சொல்வார். எண்ணெயை மட்டும் வாங்கிக் குடிப்பது அந்த வைத்தியம் ஆகாது. கர்ப்பிணிகள் கிட்டேயே போக வேண்டாம்.

தொடங்கும் முன்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இந்தத் தீவில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அபூர்வம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு இந்த முறையே வேண்டாம். அவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கீழே சொல்லும் உப்பு சர்க்கரை நீரும் வழக்கமான சாப்பாடும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

முதல் நாள்: ஓய்வு

பட்டினி கிடக்க வேண்டாம். காலையில் சீரக வெந்நீர், பிறகு கஞ்சி.

அரை டம்ளர் பச்சரிசியை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டம்ளர் தண்ணீர், அரை டீஸ்பூன் சீரகம், நான்கு பல் பூண்டு சேர்த்துக் குழைய வேக விடுங்கள். இறக்கியபின் அளவாக உப்பு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தேன் போல வழிய வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிண்ணம்.

போர்ட் லூயிஸ் சந்தையில் மூலிகைக் கடைக்காரரிடம் வயிறு மந்தம் என்று சொன்னால் அயாபானா இலையைக் கட்டித் தருவார். நாலைந்து இலையை வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்துக் குடிப்பது இங்கே பழைய வழக்கம். எனக்கும் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உப்பு சர்க்கரை நீர்

வயிற்றுப்போக்கு இருந்தால் முதல் நாளே தொடங்க வேண்டியது இது. பலர் தப்புச் செய்வதும் இதில்தான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

நான் வந்த இரண்டாவது வருடம் என் கொழுந்தனார் காவடி எடுத்தார். வீடு திரும்பியதும் தாகத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை கல் மாதிரி இழுத்துக்கொண்டது, தலை சுற்றல் வேறு. வியர்வையோடு உப்பும் போயிருந்தது, அவர் திருப்பிக் கொடுத்தது வெறும் தண்ணீரை. என் மாமியார் எலுமிச்சை பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.

சிறுகுடலின் சுவரில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு வாசல் வழியாக உள்ளே நுழைகின்றன. அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. பேதியாகும்போதும் அந்த வாசல் வேலை செய்யும். 1971ல் வங்கதேசப் போரின்போது இந்தியாவில் மேற்கு வங்கத்துப் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பற்றாமல் போனது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி, சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது.

மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, அதில் பொட்டாசியமும் இருக்கிறது. உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் செய்யலாம்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

டீஸ்பூன் என்றால் 5 மில்லி பிடிக்கும் அளவுக் கரண்டி. குவியலாக அள்ளாதீர்கள். கரண்டியை நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். உப்புக்கு அரை டீஸ்பூன் கரண்டி இல்லையென்றால், வழித்த ஒரு கரண்டி உப்பைத் தட்டில் கொட்டி, கத்தியால் நடுவில் பிரித்து ஒரு பாதியை மட்டும் எடுங்கள். சர்க்கரை கூடினாலும் உப்பு கூடினாலும் பேதி அதிகமாகும். கலக்கியதும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

ஒவ்வொரு முறை போனபின்பும் பெரியவர்களுக்கு 200 முதல் 400 மில்லி, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200, அதற்குக் கீழே 50 முதல் 100. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுங்கள். கலந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் பல மணி நேரம் வராமை, குழிவிழுந்த கண்கள், தூங்கி வழியும் குழந்தை: இதில் ஒன்று தெரிந்தாலும் இந்தக் குறிப்பை மூடிவிட்டுக் கிளம்புங்கள். இங்கே அரசு மருத்துவமனையிலும் சுகாதார நிலையத்திலும் காசு கேட்பதில்லை, தயங்க வேண்டாம்.

பேதி இல்லை, மந்தம்தான் என்றால் இந்த நீர் தேவையில்லை. நீர் மோரே போதும்.

இரண்டாம் நாள்: நீரும் நாரும்

காலையில் ஒரு இளநீர். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் பதினொரு மணிக்கு உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைத் தொட வேண்டாம். மதியம் குழைந்த சாதமும் ரசமும். (மாமியார் ‘ரசோன்’ என்பார், இங்கே எல்லோரும் அப்படித்தான்.) மாலையில் நான்கு துண்டு பப்பாளி அல்லது ஒரு வாழைப்பழம். நாரை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். பேதி இன்னும் நிற்கவில்லையென்றால் வாழைப்பழம் மட்டும்.

மூன்றாம் நாள்: பிரேட் முரும்

முருங்கைக்கீரைக்கு இங்கே இதுதான் பெயர். கால்சியமும் இரும்பும் உள்ள கீரை, வேலியோரத்திலேயே நிற்கிறது. பாதி வெங்காயம், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, இரண்டு பல் பூண்டு மூன்றையும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வதக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். உருவிய கீரை இரண்டு கைப்பிடி. காம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, வாயில் குத்தும். கொதி வந்தபின் போட்டு, மூடாமல் நான்கு நிமிடம், பச்சை நிறம் கருக்கும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். கடைசியில் உப்பு. கீரையிலிருந்து இறங்கிய சத்து அந்தத் தண்ணீரில் இருக்கிறது, வடித்துக் கொட்டாமல் சாதத்தில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள்.

நான்காம் நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். பொரித்ததும் ஆட்டுக்கறியும் இன்னும் இரண்டு நாள் கழித்து.